பணிக்குழு அறிக்கை தயார். தலைமையிடம் ஒப்புதல் வாங்குவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் ஒரு வருடம் முடிவதற்குள் விலகிப் போய்விடுகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்து வழி சொல்லும்படி நிறுவனம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. பல துறைகளிலிருந்து 9 பேர், 6 மாத வேலை, 60 பக்க அறிக்கை, 27 பரிந்துரைகள். இன்னும் ஒரு மாதத்தில் தலைமைக் குழுவின் முன் வைக்க 30 நிமிடம் கிடைத்திருக்கிறது. "அருமையான வேலை, பரிசீலிக்கிறோம்" என்று கைகுலுக்கி அனுப்பிவிடாமல் இருக்க எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எப்படிப் பேசுவது என்பதைப் பிறகு பார்ப்போம். அந்த 30 நிமிடம் முடிந்து அவர்கள் எழுந்து போகும்போது எதற்குச் "சரி" சொல்லியிருக்க வேண்டும்? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுத உங்கள் குழுவால் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அறிக்கை கொடுக்கிற பக்கமும் இருந்திருக்கிறேன், கேட்கிற பக்கமும் இருந்திருக்கிறேன். கைவிடப்பட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை வாதம் பலவீனமாக இருந்து கைவிடப்பட்டவை அல்ல. என்ன வேண்டும் என்று அந்தக் குழு கேட்கவே இல்லை. கண்டுபிடித்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள். தலைமையும் பதிலுக்கு நன்றி சொன்னது. கணக்கு தீர்ந்தது.

27 பரிந்துரைகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள். 27-ஐ ஒரு கூட்டத்தில் யாராலும் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய முடியாத பட்டியலைப் பார்த்தால் அதிலிருந்து செலவில்லாத இரண்டைப் பொறுக்கி ஒப்புக்கொண்டு மீதியைத் தள்ளிப்போடுவதுதான் மனித இயல்பு. ஆனால் குறைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பரிந்துரைக்குப் பின்னாலும் குழுவில் ஒருவர் இருப்பார். அதை வெட்டினால் அவர் முகம் வாடும். எது முக்கியம் என்று வாக்கெடுப்பு வைத்தால் சண்டைதான் வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதற்குத் தலைமையின் ஒப்புதல் உண்மையிலேயே தேவையா?

புதியவருக்கு முதல் நாளே கணினியும் நுழைவு அட்டையும் தயாராக இருக்க வேண்டும் என்பது உங்கள் 27-இல் ஒன்றாக நிச்சயம் இருக்கும். அதற்கு நிர்வாக இயக்குநர் எதற்கு? மனிதவளமும் ஐடியும் ஒரு மெயிலில் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அதைப் போய் இப்போதே செய்துவிடுங்கள். இன்னும் சில, ஒரு துறைத் தலைவர் மட்டும் சரி என்றால் போதுமானவை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பணம், ஆள், கொள்கை மாற்றம் ஆகியவற்றைத் தொடுகிற நாலைந்துதான் மிஞ்சும். அவைதான் அந்த அறைக்குள் போக வேண்டியவை. மற்றவை பின்னிணைப்பில் இருக்கட்டும். "இவற்றில் சிலவற்றைத் துறைகளே தொடங்கிவிட்டன" என்று சொல்ல முடிந்தால், அதைவிட நல்ல முன்னுரை வேறு இல்லை. தன் வீட்டு வேலையைத் தானே முடித்துவிட்டு வந்து கேட்கிறவனுக்குத் தனி மரியாதை உண்டு.

அடுத்து, மிஞ்சியவற்றின் வாசகம். பணிக்குழு அறிக்கைகளில் ஒரு நோய் உண்டு: "புதிய பணியாளர்களுக்கான வழிகாட்டுதல் நடைமுறைகள் மேம்படுத்தப்பட வேண்டும்." யார் மேம்படுத்துவது? எப்போது? என்ன செலவில்? செயப்பாட்டு வினையில் எழுதினால் வேலை செய்கிற ஆள் காணாமல் போய்விடுகிறார். இப்படி ஒரு வரிக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"அடுத்த காலாண்டு முதல், ஆள் விலகல் அதிகமாக உள்ள 3 பிரிவுகளில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் 90 நாட்களுக்கு ஒரு மூத்த பணியாளர் வழிகாட்டியாக இருப்பார். அதற்காக அந்த மூத்த பணியாளருக்கு வாரத்தில் 3 மணி நேரம் வழக்கமான வேலையிலிருந்து விலக்கு. பொறுப்பு: மனிதவளத் தலைவர். 6 மாதம் கழித்து மறுபரிசீலனை. முதல் 90 நாளில் விலகுவோர் எண்ணிக்கை குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்."

இதற்கு மழுப்பலாகத் தலையாட்ட முடியாது. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது எது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுமே உங்களுக்கு லாபம். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள்: எப்போது நிறுத்துவது என்பதையும் நீங்களே எழுதிவிடுகிறீர்கள். தலைமைக்குப் புதிய திட்டத்தின் மேல் உள்ள பயத்தில் பாதி, தொடங்கினால் நிறுத்த முடியாதே என்பதுதான். பழைய திட்டங்கள் பலவற்றை நிறுத்த முடியாமல் தூக்கிச் சுமந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்.

சரி, இப்போது அவர்கள் தரப்பிலிருந்து பார்ப்போம். உங்களுக்கு இது 6 மாத உழைப்பு. அவர்களுக்கு அன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது விஷயம். அதே பணத்தை வேறு மூன்று பேர் வேறு மூன்று காரணங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் யோசனை நல்லதா என்று அவர்கள் யோசிப்பதில்லை. மற்ற மூன்றையும் விட இது அவசரமா என்றுதான் யோசிக்கிறார்கள். ஆகவே ஒன்றும் செய்யாமல் விட்டால் ஆகிற செலவு என்ன என்பதை மேசைமேல் வைக்க வேண்டியது உங்கள் கடமை. இப்போதைய நிலைமை இலவசம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது இலவசம் இல்லை, அதற்கு யாரும் பில் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் விலகினால் என்னென்ன செலவு? இடம் காலியாக இருக்கும் வாரங்கள், ஆள் தேடும் செலவு, நேர்காணல் செய்கிறவர்களின் நேரம், பயிற்சி கொடுப்பவரின் நேரம், புதியவர் முழுவேகத்துக்கு வரும் வரை குறைந்துபோகும் வேலை. இதை நீங்களே எக்செல்லில் போட்டு ஒரு பெரிய தொகையாகக் காட்டாதீர்கள். நிதித் துறையில் ஒருவரை உட்காரவைத்து அவர்கள் கையால் போடச் சொல்லுங்கள். தொகை நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும். பரவாயில்லை. பணிக்குழு சொன்ன பெரிய தொகையைக் கூட்டத்தில் பத்து நிமிடம் கிழிப்பார்கள். "இது நிதித் துறையின் கணக்கு" என்ற சின்னத் தொகையை யாரும் தொடமாட்டார்கள்.

இழப்பாகச் சொல்வதா, லாபமாகச் சொல்வதா என்பதிலும் விஷயம் இருக்கிறது. உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் புகழ்பெற்றது. 600 பேரைப் பலிகொள்ளக்கூடிய நோய். அதற்கு இரண்டு திட்டங்கள். ஒன்றில் முடிவு நிச்சயம், இன்னொன்று சூதாட்டம் போல. நிச்சயமான திட்டத்தை "200 பேர் காப்பாற்றப்படுவார்கள்" என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையே "400 பேர் இறப்பார்கள்" என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. இழப்பு கண்ணில் படும்போது மனிதர்கள் துணிந்து மாற்றத்தை முயல்கிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதை வைத்து மிரட்டக் கிளம்பிவிடாதீர்கள். பல வருடங்களாக விற்பனையாளர்களின் பேச்சைக் கேட்டுத் தேர்ந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மிகைப்படுத்தினால் முதல் நிமிடத்திலேயே வாசனை பிடித்துவிடுவார்கள். நிதித் துறை கொடுத்த தொகையை ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் யாரும் உங்கள் பரிந்துரையை முதன்முதலாகக் கேட்கக் கூடாது. ஒருவர்கூடக் கூடாது. பலர் முன்னால் புதிதாக ஒன்றைக் கேட்கும் மூத்த நிர்வாகிக்கு ஒரே ஒரு பாதுகாப்பான வழிதான் தெரியும்: கேள்வி கேட்பது. அவருக்கு எதிர்ப்பே இல்லாவிட்டாலும் கேட்பார். ஒருவர் கேட்டால் அடுத்தவரும் கேட்பார். பிறகு நேரம் முடிந்துவிடும்.

அதனால் முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தலைமைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். யாரை முதலில் பார்ப்பது? உங்களுக்குச் சாதகமானவரை அல்ல. இந்தப் பரிந்துரையால் அதிகம் இழக்கப்போகிறவரை. நம் உதாரணத்தில் அது செயல்பாட்டுத் தலைவர், ஏனென்றால் அவருடைய மூத்த ஆட்களைத்தான் வாரத்தில் 3 மணி நேரம் கேட்கிறீர்கள். போய் உட்கார்ந்து "உங்களுக்குச் சம்மதமா சார்?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகச் "சம்மதம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் எதிர்ப்பார். "இதில் உங்களால் ஒப்புக்கொள்ள முடியாதது எது?" என்று கேளுங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என் சீனியர்களைப் பிடுங்கிக்கொண்டால் மாதக் கடைசி டெலிவரியை யார் பார்ப்பது?"

"மாதத்தின் கடைசி வாரத்தை மட்டும் விட்டுவிட்டால் சார்?"

"அப்போதும் ஒரே டீமிலிருந்து இரண்டு பேரை எடுக்கக் கூடாது."

"ஒரு டீமுக்கு ஒருவர்தான் என்று எழுதிவிடுகிறோம்."

"ம்... அப்படியென்றால் பார்க்கலாம்."

அந்த இரண்டு நிபந்தனைகளும் அப்படியே ஆவணத்தில் ஏறட்டும். திருத்திய வரியை மறுநாளே அவருக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் வேறொருவர் டெலிவரியைப் பற்றிக் கேட்கும்போது, "அதை நான்தான் சேர்க்கச் சொன்னேன்" என்று அவரே பதில் சொல்வார். நீங்கள் பத்து ஸ்லைடு போட்டாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

சிலருக்கு இது உள்ளடி வேலை மாதிரித் தோன்றும். எல்லாவற்றையும் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசினால் என்ன என்பார்கள். ஆளுக்கு ஒரு கதை சொன்னால்தான் அது உள்ளடி. எல்லோரிடமும் ஒரே ஆவணத்தைக் காட்டி, யார் என்ன சொன்னதால் எது மாறியது என்று எழுதி வைத்தால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இந்தச் சந்திப்புகளில் பரிந்துரை உண்மையிலேயே மேம்படும் என்பதையும் பார்ப்பீர்கள். 9 பேருக்குத் தெரியாத விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஆவணம். இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பே அனுப்புங்கள். முதல் பத்தியிலேயே என்ன முடிவு வேண்டும் என்பது இருக்கட்டும். குழு எப்போது அமைந்தது, எத்தனை முறை கூடியது, எந்தெந்த முறைகளில் ஆய்வு செய்தது என்ற புராணமெல்லாம் பின்னிணைப்புக்குப் போகலாம். ஆய்வு செய்தவருக்கு அது முக்கியம். முடிவெடுப்பவர் சந்தேகம் வந்தால் மட்டுமே அங்கே போவார். அனுப்பினாலும் படிக்காமல் வருவார்கள் என்கிறீர்களா? உண்மைதான், பாதிப் பேர் படித்திருக்கமாட்டார்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு வந்தது, அதிகம் போனால் 6 பக்கம். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். உங்கள் நிறுவனத்தில் அந்தப் பழக்கம் இல்லாவிட்டாலும், "முதல் 4 நிமிடம் இந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துவிடலாமா?" என்று கேட்பதில் தவறில்லை. அந்த மௌனம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு போட்டே ஆக வேண்டும் என்றால் அதன் தலைப்பில் கவனம் வையுங்கள். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசா நிர்வாகிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடைப் பின்னர் விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே எடுத்துப் போட்டு விமர்சித்தது. அதன் தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகள் பயப்படத் தேவையில்லை என்று சொல்வது போலத் தோன்றும். கீழே, உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளி வைத்த சின்ன எழுத்து வரிகளில்தான் விஷயமே இருந்தது: சோதனையில் பயன்படுத்திய நுரைத்துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியது சுமார் 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி 7 பேரும் இறந்தார்கள். உங்கள் ஸ்லைடில் யாருடைய உயிரும் இல்லைதான். ஆனாலும் "ஆள் விலகல் – ஒரு பார்வை" என்று தலைப்புப் போட்டுவிட்டு, "விலகுவோரில் பாதிப் பேர் முதல் 90 நாளிலேயே போகிறார்கள்" என்பதை ஐந்தாவது புள்ளியில் வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஐந்தாவது புள்ளியைத் தூக்கித் தலைப்பில் வையுங்கள்.

தரவைப் பற்றி இன்னொன்று. இதையும் நாசாவிடமிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்டுச் சிதறுவதற்கு முந்தைய இரவு, அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் பேசினார்கள். குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் ஒழுங்காக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்களுடைய பரிந்துரை. பரிந்துரை சரியானதுதான். ஆனால் பேச்சு முழுக்க வளையம் சேதமான பயணங்களைச் சுற்றியே போனது. அவற்றில் 53 டிகிரியில் ஒன்று இருந்தது, 75 டிகிரியிலும் ஒன்று இருந்தது. இதில் குளிருக்கு என்ன சம்பந்தம் என்று எதிர்த்தரப்பு கேட்க வசதியாகிவிட்டது. சேதமே இல்லாமல் திரும்பிய பயணங்களையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டது பின்னால் வந்த விசாரணை ஆணையம்தான். 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள், அவற்றில் 3-இல்தான் சேதம். அதற்குக் கீழே 4 பயணங்கள், நான்கிலும் சேதம். அந்த ஒரு படம் அன்றிரவு இருந்திருந்தால் வாதம் வேறு மாதிரிப் போயிருக்கலாம். (பழியைப் படத்தின் மேல் மட்டும் போடுவது அநியாயம். அன்றிரவு நாசா தரப்பு கொடுத்த அழுத்தமும், சொந்தப் பொறியாளர்களின் பேச்சை மீறிச் சம்மதம் சொன்ன நிர்வாகமும்தான் பெரிய காரணம்.)

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், உங்கள் பணிக்குழுவிலும் இதே ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கிளம்பிய குழு, போனவர்களிடம்தான் பேசியிருக்கும். "எனக்கு வழிகாட்ட யாரும் இல்லை" என்று அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொன்னதாக ஸ்லைடு போடுவீர்கள். நிதித் தலைவர் ஒரே கேள்வி கேட்பார்: "போகாமல் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு வழிகாட்டி இருந்தார்?" அவர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்கு யாரும் இல்லை என்றால் உங்கள் காரணம் காரணமே இல்லை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது அல்லவா, இருப்பவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு வாருங்கள். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் அது ஆதாரம்.

தொனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையை மரியாதை வார்த்தைகளை நீக்கிவிட்டுப் படித்தால், "நீங்கள் இதுவரை நடத்திய விதம் சரியில்லை" என்று இருக்கும். அந்த நடைமுறையை உருவாக்கியவர் அந்த அறையிலேயே இருக்கக்கூடும். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் போகும் முன் மருத்துவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மார்களின் இறப்பு, கோடை முடிவதற்குள் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இதைவிடத் தெளிவான ஆதாரம் யாருக்கும் கிடைக்காது. ஆனால் அவர் சொன்னதன் மறுபக்கம், இத்தனை நாள் கொன்றது உங்கள் கைகள்தான் என்பது. முழு நூலாக எழுதி வெளியிட 1861 வரை எடுத்துக்கொண்டார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். 1865-இல் அவர் இறக்கும்போதும் மருத்துவ உலகின் பெரும்பகுதி ஏற்கவில்லை. அவர் சொன்னது உண்மை. கேட்டவர்கள் தலைகுனியாமல் ஒப்புக்கொள்ள ஒரு வாசலைத்தான் அவர் திறந்து வைக்கவில்லை.

உங்களுக்கு அந்த வாசல் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். "வருடத்துக்கு 20 பேரை எடுத்தபோது தனி வழிகாட்டி தேவைப்படவில்லை, இப்போது 100 பேரை எடுக்கிறோம்" என்று தொடங்கலாம், அது உண்மையாக இருந்தால். உண்மை இல்லையென்றால் பழங்கதையை விட்டுவிட்டு இன்றைய எண்ணிலிருந்து தொடங்குங்கள். போலிப் பாராட்டு வேண்டாம், பல்லிளிக்கும்.

ஒருவழியாக அந்த 30 நிமிடத்துக்கு வருவோம். 8 நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். 9 பேரும் ஆளுக்கொரு ஸ்லைடு என்ற ஜனநாயகம் வேண்டவே வேண்டாம். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் கேட்பவர் கவனம் கலைகிறது. ஒருவர் பேசட்டும், தரவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பேசுகிறவர் குழுவில் பதவி உயர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறுக்குக் கேள்விக்குக் கோபப்படாதவராக இருந்தால் போதும். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"இன்று உங்களிடம் 4 முடிவுகள் கேட்கிறோம். விலகுகிறவர்களில் பாதிப் பேர் முதல் 90 நாளுக்குள் போகிறார்கள். நிதித் துறையின் கணக்குப்படி இதற்கு ஆகும் செலவு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கேட்பதற்கு ஆகும் செலவு அதற்குக் கீழே இருக்கிறது. முதல் மூன்றில் குழு முழுக்க ஒருமித்திருக்கிறது. நான்காவதில் இரண்டு பேருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அதையும் சொல்கிறேன்."

கடைசி வாக்கியத்தைப் படித்துப் பலர் பதறுவார்கள். குழுவின் வேற்றுமையை ஏன் நாமே காட்ட வேண்டும்? ஏனென்றால் அது எப்படியும் வெளியே வரும். அந்த இருவரில் ஒருவர் தன் துறைத் தலைவரிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார். நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர் கூட்டத்தில் எடுத்தால் நான்காவது மட்டுமல்ல, முதல் மூன்றும் சந்தேகத்துக்குள்ளாகும். நீங்களே சொன்னால் மற்ற மூன்றின் ஒருமித்த கருத்துக்கு எடை கூடும்.

கேள்விகளுக்கு ஒத்திகை பாருங்கள், பேச்சுக்கு அல்ல. கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொல்லும் ஒரு வழி இதற்கு நன்றாக உதவுகிறது: திட்டம் ஏற்கெனவே படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதுவது. "தோற்குமா?" என்று கேட்டால் மரியாதைக்குச் சும்மா இருப்பவர்கள், "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் மளமளவென்று எழுதுவார்கள். வருகிற பதில்களில் பாதி அப்படியே கூட்டத்தில் கேள்வியாக வரும்.

பதில் தெரியாத கேள்வியும் வரும். "அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை, வியாழக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அது எப்படி வந்தாலும் முதல் மூன்று பரிந்துரைகள் மாறாது, நான்காவது மாறலாம்." இப்படிச் சொன்னால் தெரியாத ஒரு விஷயம் கூட்டம் முழுவதையும் விழுங்காது.

"நல்ல வேலை, இன்னும் கொஞ்சம் ஆய்வு செய்யுங்களேன்" என்பது உங்கள் அறிக்கைக்கு மரியாதையோடு செய்யும் நல்லடக்கம். அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். "எந்தத் தகவல் வந்தால் உங்கள் முடிவு மாறும்?" என்று பணிவாகக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அது நியாயமான கோரிக்கை, செய்து கொடுங்கள். பதில் வராவிட்டால், சிக்கல் தகவலில் இல்லை என்று அறையில் இருக்கும் எல்லோருக்குமே புரிந்துவிடும். அப்போது சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டத்தை முன்வைக்கலாம். "கொள்கையளவில் ஏற்கிறோம்" என்பது இன்னொரு பொறி. பெயரும் தேதியும் இல்லாத ஏற்பு, ஏற்பே இல்லை. "நன்றி. யார் பொறுப்பு என்று குறித்துக்கொள்ளலாம்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் நேரம் 30-லிருந்து 10 நிமிடமாகச் சுருங்குவதற்கும் தயாராக இருங்கள், முந்தைய விஷயம் எப்போதும் இழுக்கும். அப்போது வேகமாகப் பேசாதீர்கள். தொடக்க வாசகத்தை மட்டும் சொல்லிவிட்டு, முதல் முடிவுக்கு நேராகப் போங்கள். நான்கில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்கூட, நான்கையும் விளக்கிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு வருவதைவிட மேல்.

கூட்டம் முடிந்த அன்று மாலையே ஒரு மெயில் போகட்டும். எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, எது தள்ளிப்போனது, யார் பொறுப்பு, எந்தத் தேதி. ஐந்தாறு வரி போதும். மினிட்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால், அது வருவதற்குள் ஆளுக்கொரு நினைவு உருவாகியிருக்கும். இன்னொரு மெயிலும் இருக்கிறது, இதைப் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன: உங்களிடம் மனம் திறந்து பேசிய பணியாளர்களுக்கு. எது நடக்கப்போகிறது, எது நடக்காது என்பதைத் தலைமையின் அனுமதியோடு அவர்களுக்கு எழுதுங்கள். மறுக்கப்பட்டதையும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த வருடம் வேறொரு பணிக்குழு அதே ஆட்களிடம் கேள்வித்தாளோடு போக வேண்டியிருக்கும்.